மலை நாட்டுக்கு ஒரு சாலை

(சிஞ்ச்வட்டில், புதிதாக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட தமிழ் மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புனேயிலிருந்து ஆளந்திக்குப் போகும் சாலையில் திகி என்ற இடம் இருக்கிறது. சிஞ்ச்வட்டுக்குப் பக்கம்தான். உங்களில் பலர் அந்த வழியாகப் போயிருப்பீர்கள். அங்கே பெரிய முகாம் ஒன்று உண்டு. அது எல்லைச் சாலை நிறுவனத்தின் முகாம்.

எல்லைச் சாலை நிறுவனம் என்றால் என்ன? நாட்டின் எல்லையில், மலைகளில் சாலை போடும் அரசு அமைப்பு. 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதில் வேலை செய்யும் படைக்கு கிரெஃப் என்று பெயர். அந்தப் படையின் தலைமை மையம் திகியில் இருக்கிறது. ஆள் எடுப்பதும் இங்கேதான்.

ஓட்டுநர், கொத்தனார், வெல்டர், சமையல்காரர் என்று பல வேலைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். எல்லா மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறார்கள். மைதானத்தில் ஓடிக் காட்டுகிறார்கள். தொழில் தெரியும் என்று செய்து காட்டுகிறார்கள்.

தேறியவர்கள் எங்கே போகிறார்கள்? லடாக், காஷ்மீர், சிக்கிம், அருணாசலப் பிரதேசம். சிலர் இந்தியாவைத் தாண்டியும் போகிறார்கள். அப்படி அவர்கள் போகும் ஒரு நாடுதான் பூடான்.

அந்த நாட்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

சின்ன நாடு

பூடான் எங்கே இருக்கிறது? இமயமலையில் இருக்கிறது. வடக்கே திபெத். மற்ற மூன்று பக்கமும் இந்தியா.

அது எவ்வளவு பெரியது? ஏறக்குறைய நமது கேரளா அளவு. ஆனால் மக்கள் மிகவும் குறைவு. 2017-ஆம் ஆண்டு எடுத்த கணக்குப்படி சுமார் 7 லட்சத்து 27 ஆயிரம் பேர்தான். நமது பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகரில் 2011-ஆம் ஆண்டிலேயே 17 லட்சம் பேர் இருந்தார்கள். அதில் பாதிகூட இல்லை அந்த நாடு முழுவதும்!

பூடான் மக்கள் தங்கள் நாட்டை 'துருக் யுல்' என்று அழைக்கிறார்கள். 'துருக்' என்றால் இடி முழக்கும் டிராகன் பாம்பு. 'யுல்' என்றால் நாடு. அவர்களுடைய கொடியிலும் அந்த டிராகன் உண்டு. அவர்களுடைய மொழிக்கு சோங்கா என்று பெயர். பணத்துக்குப் பெயர் நுல்ட்ரம். நமது 1 ரூபாயும் அவர்களுடைய 1 நுல்ட்ரமும் சமம்.

பெரும்பாலோர் புத்த மதத்தைச் சேர்ந்தவர்கள். புத்தர் நமக்கும் தெரிந்தவர்தான். பக்கத்தில் தேஹு ரோட்டில் புத்த விகாரம் இருக்கிறது. அங்கே 1954-ஆம் ஆண்டு டாக்டர் அம்பேத்கர் தம் கையால் புத்தர் சிலையை வைத்தார். அதே புத்தரைத்தான் பூடான் மக்களும் வணங்குகிறார்கள். வழிபடும் முறை மட்டும் வேறு. அது திபெத்திலிருந்து வந்த முறை.

சாலை இல்லாத காலம்

1958-ஆம் ஆண்டு நமது பிரதமர் ஜவஹர்லால் நேரு பூடானுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 68. மகள் இந்திராவும் கூடப் போனார்.

அவர்கள் எப்படிப் போனார்கள் தெரியுமா? காரில் அல்ல. விமானத்திலும் அல்ல. பூடானில் அப்போது கார் போகும் சாலையே இல்லை. விமான நிலையமும் இல்லை. சிக்கிம் வழியாகப் போனார்கள். நாதூலா கணவாயைக் கடந்தார்கள். அது 4,300 மீட்டர் உயரம். பிறகு திபெத் மண்ணில் இறங்கி, அங்கிருந்து பூடானில் நுழைந்தார்கள். குதிரையில் போனார்கள். சில இடங்களில் நடந்தார்கள்.

ஒரு நாட்டின் பிரதமருக்கே இந்த வழிதான் என்றால், சாதாரண மக்கள் என்ன செய்திருப்பார்கள்? சுமையை முதுகில் தூக்கினார்கள். கோவேறு கழுதையில் ஏற்றினார்கள். நோயாளியையும் தூக்கிக்கொண்டுதான் மலை இறங்கினார்கள்.

பழைய நாட்களில் பூடான் மக்கள் திபெத்தோடு வியாபாரம் செய்தார்கள். அரிசியைக் கொடுத்தார்கள். உப்பும் கம்பளியும் வாங்கினார்கள். 1959-ஆம் ஆண்டு திபெத்தில் பெரிய கலவரம் நடந்தது. சீனப் படை அதை அடக்கியது. அதன் பிறகு வடக்கு எல்லை மூடப்பட்டது. வியாபாரம் நின்றது. இனி தெற்கே இந்தியாவைத்தான் பார்க்க வேண்டும்.

அப்போது பூடானின் மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக். அவர் அடிமை முறையை ஒழித்தவர். மக்கள் பேச ஒரு சபை அமைத்தவர். இந்தியாவுக்குச் சாலை வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். இந்தியா உதவி செய்ய முன்வந்தது.

சாலை போட்டவர்கள்

1961-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வேலை தொடங்கியது. எல்லைச் சாலை நிறுவனம் அந்த வேலையை ஏற்றது. அந்த வேலைத் திட்டத்துக்கு 'தந்தக்' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் பூடானில் அந்தப் பெயரை எல்லோருக்கும் தெரியும்.

முதல் சாலை எது? எல்லையில் இருக்கும் புன்ட்ஷோலிங் என்ற ஊரிலிருந்து தலைநகர் திம்புவுக்கு. தூரம் 150 கிலோமீட்டருக்கு மேல்.

அது எப்படிப்பட்ட ஏற்றம்? மேட்டுப்பாளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,200 மீட்டர். புன்ட்ஷோலிங் ஏறக்குறைய மேட்டுப்பாளையத்தின் உயரம். திம்பு ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம். ஆனால் ஊட்டிக்கு ஒரு மலையில் ஏறினால் போதும். இங்கே மலைக்குப் பின் மலை. நடுவே ஆறுகள். மழைக்காலத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்.

மலையில் சாலை போடுவது எப்படி? முதலில் பாறையில் துளை போட வேண்டும். வெடி வைக்க வேண்டும். உடைந்த கல்லை அள்ள வேண்டும். மேலே இருக்கும் மண் சரியாமல் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். ஓடைகளுக்குப் பாலம் கட்ட வேண்டும். பிறகு ஜல்லி கொட்ட வேண்டும். தார் போட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு மழை வரும். மலை சரியும். போட்ட சாலை காணாமல் போகும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கிரெஃப் ஆட்கள் இதைச் செய்தார்கள். ராணுவப் பொறியாளர்கள் செய்தார்கள். நேபாளத்திலிருந்து கூலி வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். பூடான் கிராம மக்களும் கல் சுமந்தார்கள்.

1962-ஆம் ஆண்டு திம்புவுக்கு வண்டி போனது. முன்பு பல நாட்கள் நடந்த தூரத்தை ஒரே நாளில் கடக்க முடிந்தது.

அதோடு வேலை நிற்கவில்லை. இதுவரை 1,500 கிலோமீட்டருக்கு மேல் சாலை போட்டிருக்கிறார்கள். பாரோ என்ற ஊரில் விமான ஓடுதளமும் அமைத்தார்கள். இன்று வெளிநாட்டு விமானங்கள் இறங்குவது அங்கேதான்.

இதற்குக் கொடுத்த விலை என்ன? பூடானில் வேலை செய்த தந்தக் ஆட்களில் 1,200 பேருக்கு மேல் உயிரை விட்டிருக்கிறார்கள். மண்சரிவு, விபத்து, நோய், குளிர் என்று மலையில் சாவுக்குப் பல வழிகள் உண்டு. அவர்களும் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேலைக்குப் போனவர்கள்தாம். மலைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது நாம் பள்ளத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம். அந்த இடத்தில் கயிறு கட்டிக்கொண்டு நின்று பாறையை உடைத்தவர் ஒருவர் இருந்தார். அதையும் நினைக்க வேண்டும்.

சாலை வந்தால் எல்லாம் வரும்

சாலை வந்தது. பின்னாலேயே பள்ளிக்கூடம் வந்தது. மருத்துவமனை வந்தது. மின்சாரம் வந்தது. அந்தச் சாலை ஓரத்திலேயே சுக்கா என்ற இடத்தில் இந்தியாவின் உதவியோடு பெரிய நீர்மின் நிலையம் கட்டினார்கள். 1980-களில் அது வேலை செய்யத் தொடங்கியது. அங்கு எடுக்கும் மின்சாரத்தில் பெரும் பங்கை இந்தியா விலை கொடுத்து வாங்குகிறது. அந்தப் பணம் பூடானின் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போகிறது.

ஆனால் சாலை நல்லதை மட்டுமா கொண்டு வரும்? மரம் வெட்டும் லாரியும் அதே சாலையில்தான் வரும். குப்பையும் வரும். கூட்டமும் வரும்.

நமது லோணாவ்ளாவை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கால ஞாயிற்றுக்கிழமையில் அங்கே எவ்வளவு கூட்டம்! எவ்வளவு பிளாஸ்டிக்! ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கோடைக்காலத்தில் இதே கதைதான். வண்டிகள் நகர இடம் இல்லை. 2024-ஆம் ஆண்டு முதல் அங்கே போக இ-பாஸ் வாங்க வேண்டும் என்று நீதிமன்றமே உத்தரவு போட வேண்டி வந்தது.

பூடான் இதை முன்பே யோசித்தது. கதவைத் திறந்தது. ஆனால் வாசலில் தானே நின்றுகொண்டது. யார் வரலாம், எது வரலாம், எதுவரை வரலாம் என்று தானே சொன்னது.

காட்டுக்கு ஒரு சட்டம்

பூடானின் அரசியல் சட்டம் 2008-ஆம் ஆண்டு வந்தது. அதில் ஒரு விதி இருக்கிறது. நாட்டின் நிலத்தில் 60 சதவீதம் எப்போதும் காடாகவே இருக்க வேண்டும். அதாவது 100 ஏக்கர் நிலம் இருந்தால் 60 ஏக்கர் காடு. எந்த அரசு வந்தாலும் இதைக் குறைக்கக் கூடாது. இன்று சுமார் 70 சதவீதம் காடு இருக்கிறது.

மலை உச்சிகளில் தெய்வங்கள் குடியிருப்பதாக அந்த மக்கள் நம்புகிறார்கள். அதனால் 2003-ஆம் ஆண்டு முதல் மலையேறும் விளையாட்டையே தடை செய்துவிட்டார்கள். கங்கர் புன்சும் என்று ஒரு சிகரம் உண்டு. 7,570 மீட்டர் உயரம். அதன் உச்சியில் இதுவரை மனிதக் கால் பட்டதில்லை.

போப்ஜிகா என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. குளிர்காலத்தில் திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் அங்கே வரும். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான பெரிய பறவைகள். மக்கள் அவற்றைப் புனிதமாக நினைக்கிறார்கள். அந்த ஊருக்கு மின்சாரம் வேண்டும். கம்பம் நட்டுக் கம்பி இழுத்தால் பறக்கும் கொக்கு மோதிச் சாகும். என்ன செய்வது? மின்சாரமும் வேண்டும், கொக்கும் வேண்டும். கம்பியை மண்ணுக்கு அடியில் புதைத்தார்கள். செலவு அதிகம்தான். ஆனால் வீட்டில் விளக்கு எரிகிறது. வானத்தில் கொக்கும் பறக்கிறது.

மக்களும் பழக்கங்களும்

ஆண்கள் 'கோ' என்ற உடையை அணிகிறார்கள். முழங்கால்வரை தொங்கும் அங்கி அது. இடுப்பில் இறுக்கிக் கட்டுவார்கள். பெண்கள் 'கிரா' என்ற உடையைச் சுற்றிக் கட்டுகிறார்கள். நமது புடவை போலக் கணுக்கால்வரை வரும். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் இந்த உடைதான்.

சாப்பாடு சிவப்பு அரிசிச் சோறு. தொட்டுக்கொள்ள 'எமா தட்சி'. 'எமா' என்றால் மிளகாய். 'தட்சி' என்றால் பாலாடைக்கட்டி. நாம் காரத்துக்காக மிளகாய் போடுகிறோம். அவர்களுக்கு மிளகாயே காய்கறி. நாம் கத்தரிக்காய் சமைப்பதுபோல அவர்கள் மிளகாய் சமைக்கிறார்கள். டீயில் உப்பும் வெண்ணெயும் போட்டுக் குடிப்பதும் உண்டு.

அவர்களுடைய தேசிய விளையாட்டு வில்வித்தை. திருவிழாவில் முகமூடி போட்டு ஆடுவார்கள். நமது ஊர்த் திருவிழாக் கூத்துபோல, ஆட்டத்திலேயே புராணக் கதை சொல்வார்கள்.

கோயில் வாசலில் உருளைகள் வரிசையாக இருக்கும். உருளைக்குள்ளே மந்திரம் எழுதிய தாள் சுருட்டி வைத்திருக்கும். வருகிறவர்கள் அதைக் கையால் சுற்றிவிட்டுப் போவார்கள். ஒருமுறை சுற்றினால் உள்ளே இருக்கும் மந்திரங்களை ஓதிய புண்ணியம் என்று நம்பிக்கை. எழுத்துத் தெரியாத பாட்டியும் சுற்றலாம்.

ஆனால் உருளையைச் சுற்றினால் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியுமா? மருந்துச் சீட்டைப் படிக்க முடியுமா? முடியாது. அதனால் 1992-ஆம் ஆண்டு முதல் பூடானில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்புகள் நடக்கின்றன. பெரும்பாலும் பெண்கள் வருகிறார்கள். பகலில் வயல் வேலை, பிறகு வகுப்பு. 2012-ஆம் ஆண்டு இந்த வகுப்புகளுக்கு யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. நமது வகுப்புபோலவே அங்கேயும் நடக்கிறது பாருங்கள்!

புலிக்கூடு

பாரோவுக்குப் பக்கத்தில் செங்குத்தான பாறை ஒன்று இருக்கிறது. அதன் பக்கவாட்டில் ஒட்டவைத்ததுபோல ஒரு மடம் நிற்கிறது. அதற்குத் தாக்ட்சங் என்று பெயர். புலிக்கூடு என்று பொருள். குரு பத்மசம்பவர் பெண் புலியின் முதுகில் ஏறிப் பறந்து வந்து அங்கே தவம் செய்ததாகக் கதை சொல்கிறார்கள். மடம் 1692-ஆம் ஆண்டு கட்டத் தொடங்கியது. 1998-ஆம் ஆண்டு அது தீப்பிடித்து எரிந்தது. மக்கள் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டினார்கள்.

அந்த மடத்தின் வாசல்வரை சாலை இல்லை. பயணிகளை ஏற்றிப் போக ரோப் காரும் இல்லை. எந்த நாட்டு மந்திரி வந்தாலும் மேலே போக ஏற வேண்டியதுதான். பாதி வழிவரை குதிரை கிடைக்கும். கடைசிப் படிகளை எல்லோரும் நடந்தே ஏற வேண்டும். இவ்வளவு சாலை போட்ட நாட்டுக்கு இது முடியாத வேலையா? முடியும். வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு

பூடானில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே மகிழ்ச்சியைக் கணக்கிடுகிறார்கள் என்று உலகம் புகழ்கிறது. ஆனால் கண்ணீரும் உண்டு.

தெற்குப் பகுதியில் நேபாளி பேசும் மக்கள் வாழ்ந்தார்கள். 1980-களின் கடைசியில், எல்லோரும் ஒரே உடை உடுத்த வேண்டும் என்று கட்டாயம் வந்தது. பள்ளியில் நேபாளி மொழிப் பாடம் நின்றது. குடியுரிமைச் சட்டமும் கடுமையானது. எதிர்த்தவர்கள்மீது நடவடிக்கை எடுத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் சுமார் 1 லட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். நேபாளத்தில் அகதி முகாம்களில் பல ஆண்டுகள் கிடந்தார்கள். பிறகு அவர்களில் பெரும்பாலோரை அமெரிக்காவும் வேறு நாடுகளும் ஏற்றுக்கொண்டன. அகதி முகாம் வாழ்க்கை என்ன என்று தமிழர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீட்டைக் காப்பது நல்லதுதான். ஆனால் வீட்டில் பிறந்தவரையே வெளியே நிறுத்தினால், அது எப்படிக் காப்பாகும்?

இன்று வேறு ஒரு கவலையும் இருக்கிறது. படித்த இளைஞர்கள் வேலை தேடி ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள். காடு இருக்கிறது, மலை இருக்கிறது. வேலை போதவில்லை.

போய்ப் பார்க்க வேண்டுமா?

பூடானுக்குப் போக இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். எல்லையில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

புனேயிலிருந்து ரயிலில் கொல்கத்தா போகலாம். அங்கிருந்து வேறு ரயிலில் ஹாசிமாரா. பக்கத்தில் ஜெய்காவ் என்ற ஊர். அதுதான் இந்தியாவின் கடைசி ஊர். ஒரு வாசலைத் தாண்டினால் புன்ட்ஷோலிங். அங்கே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்.

முன்பு இந்தியர்களுக்குக் கட்டணம் இல்லை. 2019-ஆம் ஆண்டு 3 லட்சத்துக்கு மேல் பயணிகள் போனார்கள். அதில் பெரும்பாலோர் இந்தியர்கள். 7 லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு இது பெரிய கூட்டம். கொரோனாவால் மூடிய எல்லையை 2022 செப்டம்பரில் திறந்தார்கள். அப்போது முதல் இந்தியர்கள் ஒரு இரவுக்கு ஒருவருக்கு 1,200 ரூபாய் கட்ட வேண்டும் என்று ஆனது. மற்ற நாட்டவருக்கு இதைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டு பேர் 4 இரவு தங்கினால் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள். 9,600 ரூபாய். தங்கும் அறையும் சாப்பாடும் தனி.

இது ஏழைகளைத் தடுக்காதா? தடுக்கும். தொழிற்சாலைத் தொழிலாளியின் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. கூட்டத்தைக் குறைக்க வேறு வழி இருக்கிறதா? பூடானும் யோசிக்கிறது. நாமும் யோசிக்கலாம்.

திம்பு நகரில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே ஒருமுறை சாலையில் சிக்னல் விளக்கு வைத்தார்கள். மக்களுக்குப் பிடிக்கவில்லை. எடுத்துவிட்டார்கள். இன்றும் நடுச் சாலையில் ஒரு போலீஸ்காரர் நின்று கையை அசைத்து வண்டிகளை அனுப்புகிறார்.

கலந்து பேசுங்கள்

சகோதரிகளே, சகோதரர்களே, பூடானிடமிருந்து நாம் ஒன்றைக் கற்கலாம். சாலை வேண்டும். அது இல்லாமல் பள்ளிக்கூடம் இல்லை, மருத்துவமனை இல்லை. ஆனால் சாலை எதுவரை போக வேண்டும் என்று அந்த ஊர் மக்கள்தாம் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சில் எல்லோருக்கும் இடம் இருக்க வேண்டும். வேறு மொழி பேசுகிறவருக்கும் இடம் வேண்டும். கல் உடைத்தவருக்கும் இடம் வேண்டும்.

வகுப்பில் இவற்றைப் பேசிப் பாருங்கள்.

உங்கள் சொந்த ஊருக்கு எந்த ஆண்டு சாலை வந்தது? அதைப் போட்டவர்கள் யார்?

சாலை வந்த பிறகு ஊரில் எது கூடியது? எது குறைந்தது?

பவனா ஆற்றங்கரையிலோ உங்கள் ஊர் மலையிலோ ஓர் இடத்தை அப்படியே விட்டுவைக்கலாம் என்றால், எந்த இடத்தைச் சொல்வீர்கள்?

பதிலை நோட்டில் எழுதுங்கள். நாலு வரி போதும். அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.